புளியங்கூடற் கிணற்றடியிலே

பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை என ஊர்காவற்றுறை வீதி வழியே சென்றால் புளியங்கூடல் வரும். ஒரு மாசி மாதக் காலையில் நாம் அங்கே இறங்கியபோது, பனைகளுக்கு அப்பாலிருந்து ‘டக் டக்’ என்றோர் ஒலி எம்மை அழைத்தது. கிணற்றடியில் சிறு டீசல் எஞ்சின் ஒன்று நீர் இறைத்துக்கொண்டிருந்தது.

பாத்திக்குத் தண்ணீர் கட்டிய பெரியவர், 2022இல் நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போன கதையைத் தொடங்கினார். “நாங்கள் வரிசையிலே நிண்டம். பயிர் நிக்குமோ, தம்பியவை?” என்றவர், தேங்காய் எண்ணெய் ஊற்றினால் இது ஓடாதோ என்றும் வினவினார்.

நகைக்கத்தக்க வினாவன்று அது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலேயே, யாதொரு மாற்றமுமின்றி ஓடியது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்திலே குடாநாட்டுக் கார்கள், மண்ணெண்ணெயுடன் தாவர எண்ணெய் கலந்து ஓடியதை மூத்த வாசகர்கள் மறந்திரார்.

ஆயினும் அந்தப் பாரிஸ் எஞ்சினில் எண்ணெயை ஊதித் தூவியது அமுக்கிய காற்று. இன்றைய எஞ்சினிலோ, ஒரு சிறு பம்பு எண்ணெயைப் பேரழுத்தத்தில் தள்ள, ‘நொசில்’ எனும் முனையின் மயிரிழைத் துளைகள் அதைப் புகைபோலச் சிதறடிக்கின்றன. தேங்காய் எண்ணெயோ டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு தடிப்பானது. மார்கழியில் போத்தலிலேயே உறைந்துவிடும். அது புகையாகாது, துளியாகவே விழும். அரைகுறையாக எரிந்து நொசிலிற் கரியாய்ப் படியும். சில நாள் ஓடும், பிறகு நின்றுவிடும்.

ஆகவே முதலில் எண்ணெயை மாற்றவேண்டும். நூறு லீற்றர் எண்ணெய்க்கு இருபது லீற்றர் அளவில் மெதனோலும் சிறிது காரமும் சேர்த்தால் கிளிசரின் அடியிற் பிரியும். மேலே நிற்பதே உயிர் டீசல். (மெதனோல் கண்ணைப் பறிக்கும் நஞ்சு, அடுப்படியில் செய்து பார்க்கத் தகாது.)

பின்னர் எஞ்சினுக்கும் சிறிது பணிவிடை வேண்டும். உயிர் டீசல் சாதாரண இறப்பர்க் குழாயை ஊதவைக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் குழாய் பூட்டவேண்டும். தாங்கியில் நெடுநாள் படிந்த அழுக்கை அது கழுவிக் கிளப்புவதால், தொடக்கத்தில் வடிகட்டியை அடிக்கடி மாற்றவேண்டும். பீய்ச்சல் சற்றே முந்துமாயின், பம்பின் அடியில் மெல்லிய தகடொன்றைக் கூடுதலாக வைத்துப் பிந்தச் செய்வர்.

தேங்காய் எண்ணெயின் விலையை நினைந்து பெரியவர் தலையசைத்தார். சமையலெண்ணெயை எரிப்பது எமக்கும் உடன்பாடன்று. இலுப்பை, புங்கு, புன்னை உண்டு. ஊருக்குப் பெயர் தந்த புளியின் கொட்டையில்தான் எண்ணெய் மிகச் சொற்பம்!

வடை பொரித்துக் கழிந்த எண்ணெயும் ஆகும் என்றோம். வடித்து, நீர்வற்றக் காய்ச்சவேண்டும். அவர் முகம் மலர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அதைச் சேர்த்துத் தருவார் உளரோ என்றார். விசாரித்து எழுதுவதாக வாக்களித்து பஸ் ஏறினோம்.