முதலில் கையைப் பார்

கால் இழந்த முதியவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் பார்ப்பது அவருடைய கைகளைத்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிற வயதானவர்களில் பலருக்குக் காலைக் கொண்டுபோனது சர்க்கரை நோய். அது காலோடு நிற்பதில்லை. விரல் நுனி மரத்திருக்கும், கண் மங்கியிருக்கும். ஷூ கம்பெனியில் ஆயுள் முழுக்கத் தோல் வெட்டியவராக இருந்தால் கட்டைவிரல் மூட்டும் தேய்ந்திருக்கும். எவ்வளவு நேர்த்தியாகக் கால் செய்து கொடுத்தாலும், காலையில் எழுந்து அதை மாட்டப்போவது இந்தக் கைகள்தான்.

அதனால் முழங்காலுக்குப் பின்னால் சின்ன பக்கிள் வைப்பதில்லை. அகலமான வெல்க்ரோ பட்டை, அதன் நுனியில் கட்டைவிரல் நுழைகிற வளையம், முன்பக்கம் வந்து ஒட்டுகிற மாதிரி ஒரு வழி. சிலிக்கோன் உறையை உருட்டி ஏற்றி, அடியில் பின் வைத்துப் பூட்டும் முறை இளவயதுக்காரர்களுக்கு அருமையானது. பிடியில் வலு குறைந்தவருக்கு அது தினமும் ஒரு மல்லுக்கட்டு. மருமகள் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் மாட்டிவிட்டால்தான் உண்டு என்ற நிலை வந்துவிட்டால், கொஞ்ச நாளில் அந்தக் கால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தானே மாட்டித் தானே கழற்றுகிற சாதாரணக் கால், பிறர் கைக்குக் காத்திருக்கிற உயர்ந்த ரகக் காலைவிட மேல்.

அடுத்தது மூச்சு. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் நடக்க, விபத்தில் இழந்தவராக இருந்தால் ஏறக்குறைய 25 சதவீதம், ரத்த ஓட்டம் கெட்டு இழந்தவராக இருந்தால் 40 சதவீதம் கூடுதல் சக்தி தேவை என்கின்றன பாடநூல்கள். முழங்காலுக்கு மேலே என்றால், இந்த இரண்டாம் வகையினருக்கு நடக்கத் தேவைப்படும் மொத்தச் சக்தியே இரட்டிப்பாகிறது. இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே தளர்ந்தவரிடம் இதைக் கேட்பது சின்ன விஷயமல்ல. முழங்காலைக் காப்பாற்ற அறுவை மருத்துவர்கள் அவ்வளவு பாடுபடுவது இதனால்தான். முழங்கால் போனவருக்கு நான் பெரும்பாலும் நடக்கும்போது பூட்டிக்கொள்ளும் மூட்டையே வைப்பேன். நடை விறைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி பாத்ரூமுக்குப் போகிறபோது கால் மடங்காது. எடையிலும் ஒரு கணக்கு உண்டு. பாதத்தில் கூடுகிற 100 கிராம், தொடைப் பக்கம் கூடுகிற 100 கிராமைவிட அதிகமாக இழுக்கும். எடையைக் கீழிருந்து குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

பாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் வீடுகளின் பழக்கம் குறுக்கே வருகிறது. மேல்நாட்டில் ஷூவோடு வீட்டுக்குள் நடப்பவரை மனத்தில் வைத்துச் செய்த பாதத்துக்குக் குதிகால் உயரம் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். ஷூவுக்கென்று நேர்செய்த காலோடு வெறுங்காலாக நடந்தால், குதிகால் தாழும், கணுக்காலுக்கு மேலே எல்லாம் பின்னுக்குச் சாயும். மேட்டில் ஏறுவதுபோல் இருக்கும், மல்லாக்க விழவும் செய்யலாம். மாறாக, குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டால் முழங்கால் முன்னால் மடங்கப் பார்க்கும். ஷூவை வார்க்கிற அச்சான லாஸ்ட்டில் குதிகால் உயரம் மாறினால் ஷூவே வேறாகிவிடும் என்பது ஆம்பூரில் ஷூ வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே வெறுங்காலுக்கு நேர்செய்துவிட்டு, வெளியே போக, குதிகாலிலும் முன்பாதத்திலும் ஒரே கனமுள்ள தட்டைச் செருப்பைத் தருகிறேன். பள்ளிவாசலுக்குப் போகிற பாய்க்கும் கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கும் செருப்பை வாசலில் விட்டபின் கால் மாறிவிடக் கூடாது.

1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது: வெறுங்காலோடு நடக்க, குந்த, வயலில் இறங்க. விவசாயிக்கு அதை மிஞ்சியது குறைவு. ஆனால் எழுபதைத் தாண்டியவர் பெரும்பாலும் குந்துவதை எப்போதோ விட்டிருப்பார். எல்லாப் பக்கமும் வளைகிற பாதத்தைவிட, நிற்கையில் ஆடாத பாதம்தான் அவருக்குத் தைரியம் தரும். குதிகால் மட்டும் மெத்தென்று இருக்க வேண்டும். அது கெட்டியாக இருந்தால் தரையில் ஊன்றிய கணத்திலேயே முழங்காலை முன்னுக்குத் தள்ளிவிடும்.

வெட்டுப்பட்ட காலின் மிச்சம் உள்ளே அமர்கிற கூடான சாக்கெட்டின் உள்பக்கத்துக்கு இப்போது எங்கும் ஃபோம்தான். லேசானது, கழுவலாம். ஆனால் வேலூர் மே மாதத்தில் அதற்குள் வியர்வை குளமாகும். அந்த ஈரத்தைத் தாங்காத சருமம் உள்ளவர்களுக்கு, கழற்றிக் காயவைக்கிற மெல்லிய ஆட்டுத்தோல் உள்ளுறை ஒன்று செய்கிறோம். குரோம் பதனிட்ட தோல் வியர்வையில் சிலருக்கு அரிப்பு உண்டாக்கும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலாகத் தேடி வாங்குவோம். ஓரங்களை ஸ்கைவிங் செய்து காகிதம்போல் இழைத்து, தையலைப் பின்பக்கச் சதைமீது கொண்டுபோக வேண்டும். முன்னெலும்பின் மேல் ஒரு தையல் விழுந்தால் போதும், மரத்த காலில் அது புண்ணாகும்வரை யாருக்கும் தெரியாது.

வலி தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து என்பதை இந்த ஊர் உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தது. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் சிதைவதற்கு உணர்ச்சியற்ற இடத்தில் மீண்டும் மீண்டும் விழுகிற அழுத்தமே பெருங்காரணம் என்று காட்டினார். அவர் காலத்தில் இங்கும், 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் வளர்ந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. ஷோர் அளவில் கடினம் சுமார் 15 மட்டுமே உள்ள மென்மையான நுண்துளை ரப்பர் அதன் உயிர். இன்று சர்க்கரை நோயாளிக்கும் அதுவே காவல். செயற்கைக்கால் கேட்டு வருகிறவரின் மற்றக் காலை, உணர்ச்சி இருக்கிறதா என்று 10 கிராம் நைலான் இழையால் தொட்டுச் சோதிக்காமல் நான் வேலை தொடங்குவதில்லை. இனி உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு அந்தக் கால்மேல்தான். அதுவும் போய்விட்டால், நான் செய்த காலுக்கு வேலையே இல்லை.

வேலூர்ப் பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் மன உறுதி பற்றியது மட்டுமல்ல. மேசையும் இருக்கையும் அவருக்கு ஏற்றபடி அமைந்ததால்தான் அந்தக் கைகள் வேலை செய்தன. முதியவரின் கட்டில் உயரம், பாத்ரூம் வாசற்படி, பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பி, இவையெல்லாம் காலின் பாகங்கள் என்றே கணக்கெடுக்கிறேன்.

ஆகவே அளவு கொடுக்க அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வருகிறவர்களிடம் சில விஷயங்கள் கேட்பேன். வீட்டில் போடும் செருப்பையும் வெளியே போடும் செருப்பையும் கொண்டுவாருங்கள். கட்டில் எத்தனை அங்குலம் என்று அளந்து வாருங்கள். டயாலிசிஸ் உண்டென்றால் எந்தக் கிழமைகள் என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஸ்டம்ப், அதாவது மிஞ்சிய கால், சுருங்கும்; அதன்மேல் போடும் காலுறை ஒன்று கூடும். கால் கைக்கு வந்தபின், தினமும் கழற்றியதும் தோலைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அதற்குமேல் அன்று போடாமல் என்னிடம் வாருங்கள். எத்தனை தூரம் நடப்பார் என்று நீங்கள் கேட்பீர்கள். யாரும் வீட்டில் இல்லாதபோது அவரே மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறாரா என்று நான் கேட்பேன். அதற்கு ஆமாம் என்ற பதில் வந்துவிட்டால், தூரத்தை அவரே பார்த்துக்கொள்வார்.