ஐந்து பெரிதா, மூன்று பெரிதா?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நான் ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. பதினோரு வருடம் உழைத்தது. கடைசி ஒரு வருடமாக, ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திரை தெளியும். எனக்கு அது குறையாகப் படவில்லை. கட்டுரை தட்டுகிறவனுக்கு என்ன அவசரம்?

அவசரம் என் மனைவிக்கு. அவளுடைய அக்கா ஜாம்ஷெட்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. மாலையில் சாய்த்து உட்கார வைத்தால் கால் மணி நேரம் முகம் தெரிந்து பேசுவார், பிறகு அசந்துவிடுவார். அது எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று போன் வரும், "சித்தி, அம்மா முழிச்சிருக்காங்க" என்று. செல்போனில் அக்காவின் முகம் தீப்பெட்டி அளவுதான். சர்க்கரையால் மங்கிய இவள் கண்ணுக்கு அது போதாது. பெரிய திரை எழுந்து வருவதற்குள் பல நாள் அக்கா தூங்கிப் போயிருப்பார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் நின்றது. பென்ஷன் கணக்கைப் பார்க்கிற மெஷின் அது. இனி தாங்காது என்று இருவரும் ரிச்சி தெருவுக்குப் போனோம்.

கடைப் பையன் இரண்டைக் காட்டினான். இரண்டும் கறுப்புப் பெட்டி, 8 ஜி.பி. ராம், ஒரே அளவு மானிட்டர். ஒன்றில் ஐ5, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். மற்றதில் ஐ3, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; விலை இரண்டாயிரம் கூட.

ஸ்டோர்ஸ் பிரிவில் டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டே முடி நரைத்தவன் நான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எழுதினேன். மூன்றைவிட ஐந்து பெரிது. ஐநூற்றுச் சொச்சத்தைவிட ஆயிரம் பெரிது. விலையும் குறைவு. ஆபீசாக இருந்தால் அப்போதே ஆர்டர் எழுதியிருப்பேன்.

"என்னங்க, எது சீக்கிரம் திறக்கும்னு கேளுங்க" என்றாள்.

"ரெண்டும் ஃபாஸ்ட்தாம்மா" என்றான் பையன்.

"ரெண்டையும் அணைச்சுட்டு ஒண்ணா போடு தம்பி."

போட்டான். இவள் வாய்விட்டு எண்ணினாள். பதினெட்டில் ஐ3 வந்து நின்றது. ஐ5 நூற்றுப் பத்தைத் தாண்டியும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பையன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஹார்ட் டிஸ்க் என்பது நம் கிராமபோன் மாதிரிதான். தட்டு சுற்ற வேண்டும், முள் போய்த் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசைகிற பாகமே கிடையாது. இதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஐந்தும் மூன்றும் செய்த மோசம் இன்னொன்று. பெட்டி விவரத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் ஒன்று ஐ5-7400, மற்றது ஐ3-12100. கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் தலைமுறை. அந்த ஏழாம் தலைமுறை ஐ5-7400 வந்தது 2017-இல். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 வந்தது 2022-இல். புதிய மூன்று, பழைய ஐந்தைவிட வேகம். தவிர, அந்த ஏழாம் தலைமுறைச் சிப் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற பட்டியலில் இல்லை. இதையெல்லாம் பையன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1 டி.பி. போகிறதே என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், இத்தனை வருடம் நான் எழுதிக் குவித்தது எல்லாம் சேர்த்துப் பத்து எம்.பி.கூட வரவில்லை. கொஞ்சம் அவமானம்தான். போட்டோக்கள்தான் இடத்தை அடைத்திருந்தன. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. உறை வாங்கிப் போட்டு அவற்றை அதிலேயே விட்டுவிட்டேன். மிச்சம் பிடித்ததில் ஒரு யு.பி.எஸ். எங்கள் தெருவில் கரண்ட் போகிற போக்குக்கு அது இல்லாமல் டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. இவள் அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையோடு ஓடிவந்து ஸ்விட்சைப் போட்டாள். அக்கா திரை முழுக்க வந்தார். இவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டி, விளக்கு வைக்கிற நேரத்துல தலையைக்கூட வாராம உக்காந்திருக்கே?"