கைநாட்டும் ரூட் கார்டும்

எங்க தாத்தா கைநாட்டு. செஞ்சிப் பக்கம் ஒரு ஊர்க்காரரிடம் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு புரோநோட்டில் பெருவிரலை அழுத்தினார். அறுவடை முடிந்து பார்த்தால் அதே தாளில் ஐநூறு என்று இருந்தது. யார் மாற்றினது, எப்போது மாற்றினது என்பதற்கு எழுத்து இல்லை. தாத்தாவின் பெருவிரல் மட்டும் இருந்தது. அதற்காக எங்கப்பா மூணு வருசம் அவங்க மாட்டுக்கொட்டாயில் கிடந்தார்.

என் தம்பி ஐ.டி.ஐ. முடித்தவன். ஓசூரில் விமானத்துக்குச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. டைட்டானியத்தில் துளை போடுவது வேலை. பொங்கல் லீவில் வந்தபோது சொன்னான்:

"அக்கா, மொதல் பீஸை எல்லா அளவும் எடுத்து, இப்படித்தான் செய்யணும்னு ஒத்துக்கிட்டா அப்புறம் எவனும் இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. டூல், மிஷின், புரோகிராம், எது மாறினாலும் எழுதணும். பீஸை பாதிக்கிற மாத்தம்னா மறுபடி சோதிச்சுக் காட்டணும். ரெண்டு வருசம் அந்த வேலை ஓடாம கெடந்தாக்கூட மறுபடி சோதிக்கணும்."

இதை ஏ.எஸ். 9102 என்ற தர விதி சொல்கிறது. எதுக்குடா இத்தனை கெடுபிடி என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன சம்பவத்தைப் பிறகு நானும் தேடிப் படித்தேன்.

1996 ஜூலை 6. அமெரிக்காவில் பென்சகோலா விமான நிலையம். டெல்டா 1288 கிளம்பி ஓடும்போதே இடது எஞ்சினின் முன்பக்கத்து டைட்டானியச் சக்கரம் உடைந்து சிதறியது. துண்டுகள் உள்ளே பாய்ந்து ஒரு தாயும் மகனும் செத்தார்கள். 1998இல் விசாரணை அறிக்கை வந்தது. சக்கரம் செய்தபோது ஒரு துளையை டிரில் போட்டதில் சுவர் சூடேறி இறுகிவிட்டது. அங்கே விரிசல் கண்டு, பறக்கப் பறக்க வளர்ந்திருக்கிறது. செய்த இடத்துச் சோதனையிலும் தப்பியது, விமானக் கம்பெனியின் சோதனையிலும் தப்பியது. ஒரு துளை, ரெண்டு உயிர்.

போன வருசம் தம்பியின் ஷிப்டில் ஒப்புதல் பெற்ற டிரில் தீர்ந்துபோனது. சூப்பர்வைசர் வேறு டிரில்லைக் கொடுத்து, "சைஸ் ஒண்ணுதானே, ஓட்டு" என்றார். வெள்ளையாக வரவேண்டிய சுருள் நீலம் பாய்ந்து வந்தது. சூடு ஏறுகிறது என்று அர்த்தம். போய்ச் சொன்னான். "கோட்டாவுல படிச்சிட்டு வந்தவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்று பதில் வந்தது.

தம்பி திரும்பிப் போய் மிஷினை நிறுத்தினான். பீஸோடு கூடவே போகிற ரூட் கார்டில் புது டிரில் நம்பரையும் எந்தப் பீஸிலிருந்து மாற்றினது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்த லாட் நின்றது. வாங்குகிறவருக்குச் சொல்லவேண்டி வந்தது. சோதனையில் நாலு பீஸ் கழிந்தது. கணக்குப்படி சரியான வேலை. ஆனால் மறுவாரம் அவனை மிஷினிலிருந்து எடுத்து, எண்ணெய்ச் சுருள் கூட்டி அள்ளுகிற வேலைக்குப் போட்டார்கள். எங்க ஆளுங்க கையில் விளக்குமாறு கொடுக்க இவர்களுக்கு எந்த ஒப்புதலும் தேவைப்படவில்லை. அந்த மாற்றத்தை எந்தக் கார்டிலும் எழுதவுமில்லை.

விதி நல்ல விதி. எங்க தாத்தாவுக்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால் எங்கப்பா பள்ளிக்கூடம் போயிருப்பார். ஆனால் சுருளின் நிறத்தை முதலில் பார்ப்பவன் மிஷின் முன்னால் நிற்கிறவன். அவன் வாயைச் சாதி சொல்லி அடைத்தால், ஒப்பந்தம் முடிந்தது போ என்று மிரட்டினால், மாற்றம் நடந்துகொண்டுதான் இருக்கும், எழுத்தில் மட்டும் வராது. விமானத்தில் ஏறுகிறவன் எந்தச் சாதியானாலும் அவன் உயிர் அந்தக் கார்டில் இருக்கிறது. எழுதினவனைப் பழிவாங்கக் கூடாது என்பதையும் விதியாக்கக் கேட்க வேண்டியது நம் சங்கங்கள்.

"எதுக்குடா எழுதின, பேசாம ஓட்டியிருக்கலாமே" என்று அம்மா அழுதாள்.

"கீழ இருக்கிற கையெழுத்து என்னுதும்மா" என்றான் தம்பி.

அப்பா ஒன்றும் பேசவில்லை. தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.