வலி நின்ற பல்

பெரியவர்கள் பல்லை இழப்பதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: சொத்தை, ஈறு நோய். அடிபட்டு விழுவது, தேய்ந்து உடைவது போன்றவை இவற்றுக்குப் பிறகுதான். இரண்டையும் தடுக்க முடியும். ஆனால் இரண்டுமே வலியில்லாத காலத்தில் வளர்கின்றன. பல் கையை விட்டுப் போவதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கி வந்து விலைபோகும் இடம். பல் வலித்தால் ஒரு பூண்டை நசுக்கிக் குழியில் வைத்துக் கடிப்பது இங்கே இயல்பான கைவைத்தியம். நசுக்கிய பூண்டின் சாற்றுக்குக் கிருமியைக் கொல்லும் தன்மை உண்டு என்பது உண்மை. ஆனால் சொத்தைக்குள் இருக்கும் கிருமிகள் பல்லின் உள்ளடுக்கில் ஆழமாகப் புகுந்திருப்பவை. மேலே வைத்த பூண்டு அங்கே எட்டாது. ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பட்ட இடம்தான் வெந்து வெள்ளையாக உரியும். ஒரு வலிக்கு இரண்டு வலியோடு மருத்துவரிடம் வருபவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய கேடு வலி நிற்பதில் இருக்கிறது. “போன வருசம் விண்ணுவிண்ணுன்னு தெறிச்சது, பூண்ட வச்சேன், நின்னு போச்சு” என்பது பல் மருத்துவர்கள் கேட்டுப் பழகிய பேச்சு. நின்றது நோயன்று. பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் கூழ் செத்துவிட்டது. உணர்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவே. கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டத் தொடங்கும். அடுத்த முறை வருவது முகவீக்கத்தோடு. அதற்குள் பல்லின் தலை நொறுங்கிப் போயிருந்தால், வேர் சிகிச்சை செய்து உறை போடவும் அடித்தளம் இருக்காது. பிடுங்கலாம் என்றாலும் குறடு பற்ற இடம் இருக்காது. வலி வந்த அதே வாரத்தில் வந்திருந்தால் அந்தப் பல் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

சொத்தை உண்டாகும் விதம் எளியது. பல்லில் படியும் பாசியிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உமிழ்கின்றன. அமில-கார அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியம். விடியலில் ஜீப் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்கு இனிப்புத் தேநீரே களைப்புக்கு மருந்து. அதை விடச் சொல்வது நடவாத அறிவுரை. குடித்த கையோடு தண்ணீரால் வாய் கொப்பளிப்பதும், சர்க்கரையைப் படிப்படியாகக் குறைப்பதும் நடக்கக்கூடியவை.

பிள்ளைகளிடம் முதலில் பறிபோவது ஆறு வயதுக் கடைவாய்ப் பல். பால்பற்கள் எதுவும் விழாமல், அவற்றுக்குப் பின்னால் சத்தமின்றி முளைப்பதால் அதுவும் பால்பல் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது. வேறு எதையும் மறந்தாலும் பெற்றோர் இதை மறக்கக்கூடாது.

ஈறு நோய்க்குப் பெரும்பாலும் வலியே கிடையாது. துலக்கும்போது ரத்தம் வருவதே அதன் முதல் பேச்சு. ரத்தத்தைக் கண்டு அந்த இடத்தைத் தொடாமல் விடுவார்கள்; பாசி கெட்டிப்பட்டுக் காரையாகும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகத் தேறிவிடும். தாண்டினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. “கிளீன் பண்ணினால் பல் ஆடும்” என்ற பயம் ஊரெங்கும் உண்டு. எலும்பு கரைந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவருகிறது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

கட்டுப்படாத நீரிழிவு ஈறு நோயை விரைவுபடுத்தும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர் ஈறையும் காட்டுவது நல்லது. புகையிலையின் கெடுதல் இரட்டிப்பானது: எலும்பைக் கரைப்பதோடு ஈறின் ரத்த ஓட்டத்தையும் குறைத்து, ரத்தக்கசிவு என்ற எச்சரிக்கையை மறைத்துவிடும். வெற்றிலையோடு மெல்லும் பாக்கு பல்லைத் தேய்க்கும். புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய்க் காரணிதான். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இலேயே தடைசெய்தது. குட்காவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வாயிலிருந்து அது இன்னும் முழுதாக நீங்கவில்லை.

செங்கல் பொடியும் சாம்பலும் பல்லை வெளுக்கச் செய்வதாகத் தோன்றும். உண்மையில் எனாமலைச் சுரண்டுகின்றன. கூச்சம் அதன் பிறகு வரும். மென்மையான பிரஷ், புளூரைடு கலந்த பேஸ்ட், காலையில் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம்: இவை போதும். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவுத் துலக்கலே முக்கியம், ஏனெனில் தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசிமணி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு.

விழுந்து அடிபட்டு நிலைப்பல் முழுதாகக் கழன்றால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் தண்ணீரில் லேசாக அலசி, அதே குழியில் திரும்பப் பொருத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரை அடைய வேண்டும். தேய்த்துக் கழுவக்கூடாது. பால்பல்லை மட்டும் திரும்ப வைப்பதில்லை.

பிடுங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. கடைவாயில் ஓர் இடம் காலியாக இருந்தால் பக்கத்துப் பல் அதில் சாயும், எதிர்ப்பல் நீண்டு இறங்கும், உணவு சிக்கும் புது இடங்கள் உண்டாகும். ஒரு பல் போன வாயில் அடுத்ததும் ஆபத்துக்குள்ளாகிறது. அந்த இடத்தில் பல் கட்டிக்கொள்வது அழகுக்காக மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 23 விழுக்காட்டினர் ஒரு பல்கூட இல்லாமல் வாழ்கிறார்கள். வலியில்லாத நாளிலேயே ஆண்டுக்கு ஒருமுறை வாயைக் காட்டுங்கள். பெரியகுளம் அரசு மருத்துவமனையும், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வடுகபட்டிக்குப் பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன.