இரண்டு பாரங்கள்



சொந்த வாகனமின்றித் தேனி நகருக்குள் குடியிருப்போர், வாங்கும் பொருளின் விலையோடு அதன் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உழவர் சந்தையில் தேங்காய் மலிவாகக் கிடைத்தாலும், ஏற்கெனவே பையில் இருக்கும் தக்காளியையும் கிழங்கையும் நினைத்து மனம் பின்வாங்குகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையை வாங்கினால், அது நசுங்காதபடி பையின் மேற்புறத்தில் வைத்து வீடுவரை காக்க வேண்டும்.

இத்தகையோரின் சுமை பல வழிகளில் குறைக்கப்பட்டிருக்கிறது. 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டத்தால் இடைத்தரகரின்றி விவசாயியிடமே காய்கறி வாங்க முடிகிறது. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் ரேஷன் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இவற்றுக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆயினும், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை நடக்க வேண்டிய தூரம் அப்படியே இருக்கிறது. அரிசி விலையின்றிக் கிடைக்கிறது; தனித்து வாழும் முதிய தாய்க்கு அதைத் தூக்கிவரும் கைகள் கிடைப்பதில்லை.

கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில், ஒருவர் மற்றவருடைய பாரத்தைச் சுமக்கும்படி 2-ஆம் வசனத்தில் பவுல் கட்டளையிடுகிறார். 5-ஆம் வசனத்திலோ அவரவர் பாரத்தை அவரவரே சுமக்க வேண்டும் என்கிறார். இது முரண்பாடோ? நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடங்களிலும் 'பாரம்' என்றே வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அவை வெவ்வேறு சொற்கள். முதலாவது, மனிதனை நசுக்கும் பளு. இரண்டாவது, அவனவனுக்கு உரிய மூட்டை.

சந்தைப் பையில் இவ்விரண்டும் இருக்கின்றன. பிஞ்சுக் கத்தரிக்காயைப் பொறுக்கி எடுப்பதும், விலை கேட்பதும், கடைக்காரரிடம் நலம் விசாரிப்பதும், தன் காசைத் தானே எண்ணிக் கொடுப்பதும் அந்தத் தாய்க்கு உரியவை. அவை அவருடைய கண்ணியம். பதினைந்து கிலோ அரிசி மூட்டையோ அவரை அழுத்தும் பளு. நாம் எல்லாவற்றையும் வாங்கிவந்து அவர் வாசலில் வைத்துவிட்டால், பளுவோடு கண்ணியத்தையும் எடுத்துக்கொள்கிறோம். ஒன்றும் செய்யாதிருந்தாலோ, கிறிஸ்துவின் பிரமாணத்தை மீறுகிறோம்.

ஆகையால் வாகனம் உள்ளவர்களே, இந்த வாரம் சந்தைக்குப் புறப்படுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, வருகிறீர்களா?" என்று கேளுங்கள். அவர் தமக்கு வேண்டியதைத் தாமே வாங்கட்டும். திரும்பி வரும்போது மூட்டை உங்கள் கையில் இருக்கட்டும். முதியோரே, யாரேனும் கை நீட்டினால் மறுக்காதிருங்கள். உதவியை ஏற்பதும் ஐக்கியத்தின் ஒரு பகுதியே.

கர்த்தாவே, பிறருக்கு உரியதைப் பறிக்காமலும், அவர்களை அழுத்துவதைக் கண்டும் காணாமல் போகாமலும் இருக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.