நாலு கை, ஒரு தட்டு

எங்கள் வீட்டில் எச்சில் பார்ப்பது சாமி கும்பிடுவதைவிடக் கண்டிப்பாக நடந்தது. செம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு சோற்றுப் பானையைத் தொட்டால் அடி விழும். குழம்பில் உப்புப் பார்க்க, அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் நக்குவார். அதே வீட்டின் கொல்லைப்புறத்தில், வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று அலுமினியக் குவளைகள் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். இதுவும் சுத்தம், அதுவும் சுத்தம் என்றே நான் வளர்ந்தேன். இரண்டும் ஒன்றல்ல என்று என் உடம்புக்குப் புரிய வைத்தது ஓர் எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை.

கடை இருந்தது வாஷிங்டனை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங்கில். 1974-ல் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியை ராணுவம் பதவியிறக்கியது. அதன்பின் நடந்த அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர்களில் பலர் வாஷிங்டன் பகுதியில் குடியேறினார்கள். 1980-ல் வந்த அமெரிக்க அகதிகள் சட்டம் அவர்களுக்கு வழியை இன்னும் அகலமாக்கியது. டாக்ஸி ஓட்டியும் கார் நிறுத்துமிடங்களில் வேலை பார்த்தும் பிழைத்தவர்களுக்கு, ஊர்ச் சாப்பாட்டைக் கட்டுப்படியாகும் விலையில் போடுகிற கடைகள் வேண்டியிருந்தன. நான் போனது அப்படி ஒன்று. இந்தப் பக்கம் சலவைக் கடை, அந்தப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. உள்ளே கால்பந்து ஓடும் டிவி, நாலைந்து மேசை.

நான் சைவம் என்று தெரிந்ததும், கூட வேலை பார்த்த எத்தியோப்பிய நண்பர், “அப்படியென்றால் புதன்கிழமை வாங்க” என்றார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு 55 நாள். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதுவும் கூடாது. இத்தனை நோன்பு நாட்களுக்குச் சமைத்துப் பழகியதால் அவர்களின் சைவச் சமையல் தனியாகவே ஒரு பெரிய கலை. நோன்புக்கான பல கூட்டுகளையும் ஒன்றாக வைத்துத் தருவதைப் பெயாய்நெட்டு என்பார்கள். நண்பர், அவர் மனைவி, அம்மா, நான் என்று நாலு பேருக்கும் சேர்த்து அதையே சொன்னார்.

வந்தது ஒரே தட்டு. பெரிய வட்டத் தட்டை மறைத்து இஞ்சேரா விரித்திருந்தது. டெஃப் என்ற தானியத்தின் மாவில் செய்வது அது. விதை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, மிதாத் என்கிற அகலக் கல்லில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேற்புறம் முழுக்க, ஆப்பத்தின் நடுப்பகுதிபோலக் கண் கண்ணாகத் திறந்திருக்கும். அந்தக் கண்கள்தான் குழம்பை இழுத்துக்கொள்ளும். நடுவில் கொண்டைக்கடலை மாவில் செய்த ஷிரோ. சுற்றிலும் பெர்பெரே மசாலாவில் சிவந்த மைசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்டு வேகவைத்த பட்டாணிப் பருப்பு, பூண்டு மணக்கும் கோமென் கீரை. கரண்டி கிடையாது. தனித் தட்டும் கிடையாது.

என் கை மேசைக்கடியிலேயே இருந்தது. வாசனை பசியைக் கிளப்பியது, தொண்டை மறுத்தது.

அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கை கழுவிவிட்டு வந்தார்கள். வலது கையால் ஒரு துண்டு கிழித்து, கூட்டை அதிலேயே அள்ளி, முழுதாக வாயில் போட்டார்கள். கடித்த மிச்சம் தட்டுக்குத் திரும்பவில்லை. யாரும் விரலை நக்கவில்லை. அவரவர் பக்கத்திலிருந்துதான் எடுத்தார்கள், எதிரே இருந்ததற்கு எட்டிக் கை நீட்டவில்லை. என் அம்மாவே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத ஒழுங்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: என்னைத் தடுத்தது எச்சில் அல்ல. இன்னொருவர் கை பட்ட சோற்றை என் சோறாக ஏற்றுக்கொள்வதைத்தான் என் உடம்பு மறுத்தது.

நண்பரின் அம்மா கவனித்திருக்க வேண்டும். இஞ்சேராவில் பருப்பும் கீரையும் வைத்துச் சுருட்டி, நேராக என் வாயருகே கொண்டுவந்தார். குர்ஷா என்கிற வழக்கம் அது. பிரியமானவர்களுக்குக் கையால் ஊட்டுவது. கவளம் எவ்வளவு பெரிதோ பிரியமும் அவ்வளவு பெரிது என்பார்கள். அவர் கொடுத்தது பெரிய கவளம். வாயைத் திறந்தேன். முதலில் இஞ்சேராவின் புளிப்பு, பிறகு பெர்பெரேயின் காரம். கண்ணில் நீர் வந்தது காரத்தால் மட்டுமல்ல.

என் பாட்டியும் ஊட்டியவர்தான். ஒரே சட்டியில் பழைய சோற்றைப் பிசைந்து, பேரப்பிள்ளைகளின் உள்ளங்கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பார். அப்போது யாரும் எச்சில் பார்த்ததில்லை. அதே பாட்டிதான், வயல் வேலைக்கு வந்த, என்னைத் தோளில் சுமந்து திரிந்த பெரியவருக்குக் கொல்லைப்புறத்தில் உயரத்திலிருந்து நீராகாரம் ஊற்றினார். எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு கிருமிக்காக இருந்திருந்தால் உருண்டைச் சோற்றையும் தடுத்திருக்கும். தடுத்தது சில மனிதர்களை மட்டும்தான். இதைப் புத்தகங்களில் படித்திருந்தேன், மேடைகளில் கேட்டிருந்தேன், ஒப்புக்கொண்டும் இருந்தேன். ஆனால் ஒப்புக்கொண்டது மூளை. தொண்டை அதுவரை பழைய வீட்டிலேயே இருந்தது.

இதை நண்பரிடம் பிறகு மனம்விட்டுச் சொன்னேன். அவர் தன் நாட்டைப் புகழ்ந்துகொள்ளவில்லை. தென்மேற்கு எத்தியோப்பியாவின் காஃபா பகுதியில் மஞ்சோ மக்களோடு மற்றவர்கள் சேர்ந்து உண்ண மறுத்துவந்ததைச் சொன்னார். வேட்டையாடியும் கரி சுட்டும் வாழ்ந்தவர்கள் அவர்கள். மற்றவர்கள் அவர்களை வீட்டுக்குள் விட்டதில்லை, அவர்களோடு ஒரே பாத்திரத்தில் உண்டதில்லை. “ஒரே தட்டில் சாப்பிடுவது எங்களுக்குப் பெருமைதான். தட்டைச் சுற்றி யாரை உட்காரவிட்டோம் என்பதையும் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்” என்றார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. எந்தச் சமையலும் தானாக மனிதர்களைச் சமமாக்கிவிடாது. பக்கத்தில் உட்காரவைக்கும் முடிவை மனிதர்கள்தான் எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட அருவருப்பு பிறவியிலேயே வருவதல்ல, நமக்குச் சொல்லித்தரப்படுவது. சொல்லித்தந்ததை வாதத்தால் மட்டும் அழிக்க முடியாது, சேர்ந்து சாப்பிட்டாக வேண்டும். என் பிள்ளைகளை அந்தக் கடைக்கு அடிக்கடி கூட்டிப்போகிறேன். ஊருக்குப் போகும்போது, தோளில் சுமந்த அந்தப் பெரியவரின் மகன் வீட்டில் சாப்பிடாமல் திரும்புவதில்லை. அவரையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுகிறேன். அம்மாவுக்கு அது இன்னும் முழுதாகச் சம்மதமில்லை. பரிமாறுகிறார், ஆனால் பேசுவதில்லை. அதற்காக நான் நிறுத்தப்போவதில்லை. என் பிள்ளைகள் அந்தப் பந்தியில் உட்கார்ந்து வளர வேண்டும்.