மழையூரிலிருந்து மன்னாருக்கு

கினிகத்தேனையில் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவரிடம் குடை இருக்கிறதா என்று கேட்பார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5,000 மில்லிமீற்றர் மழை கொட்டும் வட்டாரம் இது. வழிநெடுகப் பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். கையேந்திக் குடித்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

இந்தப் பழக்கத்தோடுதான் நாம் மூவர், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், துவிச்சக்கர வண்டிகளில் தலைமன்னாருக்குப் புறப்பட்டோம். கோப்பிக் காலத்தில் எமது முன்னோர் கடல் கடந்து வந்திறங்கி, மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்த பாதையை எதிர்த்திசையிலிருந்து பார்த்துவர வேண்டுமென்பது நெடுநாள் ஆசை. ஆளுக்கொரு மழைக்கோட்டு எடுத்துக்கொண்டோம். தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்றே ஒன்று.

நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை வரையில் குறையொன்றும் தெரியவில்லை. தம்புள்ளையை அணுகியபோது காற்று மாறிவிட்டது. உண்மையில் அது வேறு காற்றன்று. எம்மூரை நனைத்த அதே தென்மேல் பருவக்காற்றுதான். தன் ஈரத்தையெல்லாம் மலைச்சரிவிலே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டியதும் வெறுங்கையோடு வடக்கே வருகிறது. வடக்கில் அதற்குச் சோளகம் என்று பெயர். வியர்வையை அது உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடம்பு இழக்கும் நீரின் அளவு நமக்கே தெரிவதில்லை.

மதவாச்சியில் தங்கிய இரவு, கண்ட கிணற்றில் குடிக்க வேண்டாமென்று தேநீர்க்கடைக்காரர் எச்சரித்தார். அப்பகுதியின் நிலத்தடி நீரில் கடினத்தன்மையும் புளோரைட்டும் மிகுதி. 1990களிலிருந்து அங்கே பல குடும்பங்களை வாட்டிவரும் சிறுநீரக நோயின் காரணம் இன்னும் முற்றாகத் துலங்கவில்லை. ஊரார் சுத்திகரிப்பு நிலையங்களில் கலன் கலனாக நீர் வாங்கிச் செல்கின்றனர். நாமும் வாங்கினோம். எத்தனை போத்தல்? அதே மூன்றுதான்!

அங்கிருந்து மன்னார் ஏறத்தாழ 85 கிலோமீற்றர். விடியலில் புறப்பட்டிருக்க வேண்டும். பேச்சில் பொழுது போய், ஒன்பது மணிக்குத்தான் மிதிக்கத் தொடங்கினோம். செட்டிகுளத்துக் கடைகளையும் நிற்காமல் கடந்தோம். மலைநாட்டில் வளைவுக்கொரு கடை உண்டல்லவா, அந்த நினைப்பு! முருங்கனுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கையில் கடைசிச் சொட்டும் தீர்ந்தது. சற்று நேரத்தில் எமது தோழர் ஒருவருக்குப் பேச்சுக் குழறியது. வண்டியோடு வீதியோரத்தில் சரிந்து விழுந்தார். அந்தக் கணத்தில் எமக்கேற்பட்ட நடுக்கத்தை இப்போதும் எண்ண விரும்பவில்லை.

நல்லகாலமாக அருகில் ஒரு வீடு இருந்தது. வீட்டு அம்மா அவரை வேப்பமர நிழலில் கிடத்தச் சொல்லி, ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்தார். நினைவு தெளிந்த பின்னரே, உப்பும் தேசிக்காயும் கலந்த நீரைக் கொடுத்தார். “ஒரேயடியாய்க் குடியாதேங்கோ தம்பி, கொஞ்சம் கொஞ்சமாய்” என்று செம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்கை நாம் அன்று மாலைதான் போட்டோம். வெயிலில் வண்டி மிதிப்பவர் மணிக்கு ஒரு லீற்றர் வரையில், சிலவேளை அதற்கு மேலும், வியர்வையாக இழக்கக்கூடும். மணிக்கு 15 கிலோமீற்றர் சென்றால் 85 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆளுக்கு நாலைந்து லீற்றராவது வேண்டும். லீற்றர் ஒன்று ஒரு கிலோ நிறைதான். குடிக்கக் குடிக்கக் குறைந்துபோகும் பாரத்துக்கா அஞ்சினோம் என்று வெட்கமாயிருந்தது. உப்பில்லாத வெறும் நீரை அளவுமீறிக் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும்.

“எந்த ஊர்?” என்று அந்த அம்மா கேட்டார். சொன்னோம். “அந்தக் காலத்து ஆக்கள் இந்தப் பக்கத்தாலைதான் கண்டிக்குப் போனவை” என்றார். அவர்கள் குழந்தைகளைச் சுமந்து, காட்டினூடே, நாட்கணக்காக நடந்தவர்கள். தாகத்தாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். கிணறுகளும் தங்குமடங்களும் பின்னர்தான் வந்தன. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, இந்தக் கதை மீண்டும் பலரால் பேசப்பட்டது. எமக்கோ அது ஒரு நண்பகல் வெயிலில் விளங்கியிருந்தது.

புறப்படுகையில் எமது போத்தல்களை நிரப்பியதோடு, தம் வீட்டுப் பழைய போத்தல்கள் இரண்டையும் நிரப்பித் தந்தார் அந்த அம்மா. மறுநாள் தலைமன்னார் இறங்குதுறையில் நின்றபோதும் அவை வண்டியில் இருந்தன. இன்றும் அவற்றைக் கட்டிக்கொண்டுதான் போகிறோம். அடைமழையில் ஐந்து போத்தல் தண்ணீருடன் கினிகத்தேனைக் கடைவீதியில் ஏறும் எம்மைப் பார்த்துத் தேநீர்க்கடையிலிருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.